அழைப்பு வரும் வரை: பாடமா, லாட்ஜ் தெருவா, பிரெஞ்சா?

டான்சானியாவில் ஒன்றரை வருஷம் தன்னார்வ நர்ஸாக இருந்துவிட்டு வேலூர் திரும்பினேன். அடுத்தது மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ. எப்போது கிளம்பச் சொல்வார்கள் என்று தெரியாது. ரெண்டு வாரமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார மனசு வரவில்லை. எதில் இறங்கலாம் என்று யோசித்தபோது ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்: நாளைக்கே பெட்டி கட்டச் சொன்னால் இங்கே யார் தவித்துப் போவார்கள்?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது. போன முறை காத்திருந்தபோது கணியம்பாடிப் பக்கம் ஒரு திண்ணையில் மாலை வகுப்பு எடுத்தேன். பின்னக் கணக்கு பாதியில் நிற்கும்போது டிக்கெட் வந்துவிட்டது. "அடுத்த வாரம் மீதி சொல்லித் தருவீங்களாக்கா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதே ஊர்க் கல்லூரி மாணவி யாராவது முதல் நாளிலிருந்தே கூட உட்கார்ந்து பிறகு தொடர்வதாக இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வெளியூர் நோயாளிகள் தங்கும் லாட்ஜ் தெருவில் உதவுவது வேறு மாதிரி. 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் சிஎம்சி ஆஸ்பத்திரியாக வளர்ந்து, இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ரயிலாகக் காட்பாடியில் ஆட்கள் இறங்குகிறார்கள். தமிழ் தெரியாது, நோயாளியோடு வந்த அலைச்சல் வேறு. வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு லாட்ஜ் மாடிப்படியில் பெரியவர் ஒருவர் மாத்திரை அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் பேசி, மருந்துச் சீட்டைப் பார்த்து, ஒவ்வோர் அட்டையிலும் மார்க்கரால் சூரியன், நிலா வரைந்தேன். சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் தட்டு, பின் என்றால் சோறு குவித்த தட்டு. அவர் மனைவி விரலால் தொட்டுத் தொட்டுத் திருப்பிச் சொன்னார். கால் மணி நேர வேலை. மறுநாள் நான் ஊரில் இல்லாவிட்டாலும் அந்த நிலா அட்டையில் இருக்கும்.

இதில் கட்டுப்பாடும் வேண்டும். சிகிச்சை பற்றி யோசனை சொல்லக்கூடாது, பணத்தைக் கையில் வாங்கக்கூடாது. சீட்டில் ஒரு எழுத்து புரியவில்லை என்றாலும் மருந்துக்கடைக்கே கூட்டிப் போய்விட வேண்டும்.

ரத்தமும் கொடுக்கலாம், ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை. எந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தீர்கள் என்பதை ரத்த வங்கியில் மறைக்காமல் சொல்லுங்கள். டோகோ போகக் கேட்கிற மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பாக்கி இருந்தால் அதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள், ஊசி போட்டபின் 4 வாரம் கொடுக்க முடியாது. அந்த ஊசிச் சான்றும் 10 நாள் கழித்துத்தான் செல்லும். ஊசி போட்டுக்கொள்ளக் கடைசி நேரத்தில் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடாதீர்கள்.

வேலூர்ப் பக்கத்து நாகநதியில் பெண்கள் உறைகிணறு இறக்கி நிலத்தடி நீரை மீட்ட வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது வருஷக்கணக்கில் ஊரோடு இருப்பவர்கள் செய்வது.

அப்புறம் பிரெஞ்சு. டோகோவின் ஆட்சிமொழி அதுதான். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தெரியாமல் அங்கே போய் இறங்கினால் நானும் அந்த மாடிப்படிப் பெரியவர் மாதிரிதான் உட்கார வேண்டும். அதனால் காலையில் சைதாப்பேட்டை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பிரெஞ்சு என்று வைத்திருக்கிறேன். இந்த வாரம் உடல் உறுப்புகளின் பெயர்கள்.