தொலைவழி டைனோ டியூனிங்குக்கு முன்: புகைச் சோதனையா, காற்றழுத்தச் சோதனையா?

காரை டைனோவில் (எஞ்சினின் சக்தியை அளக்கும் இயந்திரம்) ஏற்றிவிட்டு, இணையம் வழியே லேப்டாப்பை வேறோர் ஊரிலுள்ள டியூனரிடம் (எஞ்சின் கணினியின் எரிபொருள் கணக்கைச் சீரமைப்பவர்) ஒப்படைக்கும்போது, அவர் காண்பவை எண்களும் வரைபடங்களுமே. ஹோஸ் மூட்டில் காற்று சீறுவது அவர் காதில் விழாது. பேட்டரிக்குச் சார்ஜர் இணைப்பதும், லேப்டாப் இடையில் அணையாதபடி அமைப்பதும், வழக்கமாக ஓட்டும் பெட்ரோலையே நிரப்புவதும் எல்லோரும் அறிந்தவை. கசிவை எப்படித் தேடுவது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள என் காருக்கு நான் தேர்ந்தெடுத்தது காற்றழுத்தச் சோதனை.

புகைச் சோதனை எளிது: குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதுதான். வெடித்த வேக்குவம் குழாயை உடனே காட்டிவிடும். ஆனால் புகை இயந்திரங்கள் பொதுவாக 1 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவிலான மிகக் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை என்பதால், டர்போ 15 பிஎஸ்ஐ தள்ளும்போது மட்டும் வாய் திறக்கும் மூட்டு அதில் அகப்படாமல் போகலாம்.

அழுத்தச் சோதனையில் டர்போவின் உள்வாயை அடைத்து, ஆயில் மூடியைத் தளர்த்திவிட்டு, ரெகுலேட்டர் வழியே கம்ப்ரசர் காற்றைப் படிப்படியாக, வழக்கமான பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) அளவைத் தாண்டாமல் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நீரைத் தெளிக்க வேண்டும். என் காரில் 5 பிஎஸ்ஐயில் எல்லாம் அமைதியாக இருந்தது. 12ஐத் தாண்டிய பிறகே இன்டர்கூலரின் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பகுதி) கீழ் ஹோஸில், கிளாம்ப் திருகின் பின்புறம், நுரை பொங்கியது. எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில் இது சிறிய விஷயமல்ல. சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே வெளியேற, எரிபொருள் மட்டும் முழுக் கணக்குக்குப் பாய்வதால் கலவை ரிச்சாகிறது, அதாவது எரிபொருள் மிகுகிறது. டியூனர் அதைப் பார்த்து எரிபொருளைக் குறைக்கிறார். பிறகொரு நாள் யாரோ அந்தக் கிளாம்ப்பை இறுக்கினால், அதே மேப்பில் (டியூனர் அமைத்த எரிபொருள் அட்டவணையில்) எஞ்சின் முழு பூஸ்டில் லீனாக, அதாவது எரிபொருள் குறைந்து, ஓடும். லீனான கலவையும் பூஸ்டும் சேர்ந்தால் பிஸ்டனே சேதமாகிவிடலாம்.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் புகைக்கே என் வாக்கு. கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவை உண்மையைவிட லீனாகத் தெரியும்.

காற்றழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் பூஸ்ட் கசிவால் கலவை அவ்வளவு பிறழாது, டர்போவுக்குத்தான் வேலை கூடும்; ஆனால் அத்தகைய கார்களில் என் அனுபவம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குப் புகையே போதும் என்று கருதுகிறேன். எதைச் செய்தாலும், எந்த அழுத்தம் வரை சோதித்தோம் என்பதை டியூனருக்கு முன்பே எழுதி அனுப்பிவிடுவது நல்லது.