‘பாடம் எப்போ மூடீயும்?’: பள்ளிக்கூடப் பாட்டு சொல்லித்தர நான்கு வழிகள்

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பாட்டு சொல்லித்தரப் போகிறேன் என்று ஆறாம் வகுப்பில் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் மலரும். அதையே எட்டாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சோடு கேள்வி வரும்: “அட்வைஸ் பாட்டா சார்?” அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். பள்ளி வாழ்க்கையைப் பற்றி நம் கைக்குக் கிடைக்கிற பாட்டுகளில் பெரும்பாலானவை, பள்ளியை விட்டுப் பல வருடம் ஆகி, அதில் நல்லதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் எழுதியவை. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்டு, நோட்டு திருத்துகிறவர் நம் வரிசைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடாதா என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பத்து நிமிஷம் அவற்றில் எங்கேயும் இருக்காது.

இசை ஆசிரியருக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள். அச்சில் இருக்கிற பள்ளிப் பாட்டை எடுத்துச் சொல்லித்தரலாம். பிள்ளைகள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருக்கிற திரைப்பாட்டையோ பாப் பாட்டையோ எடுக்கலாம். தெரிந்த மெட்டுக்கு அவர்களையே புது வரி எழுத வைக்கலாம். அல்லது மெட்டு, வரி இரண்டையும் அவர்களே போட்டு ஒரு முழுப் பாட்டை உருவாக்க விடலாம். நான்கையும் செய்து பார்த்துவிட்டேன், என் ஓட்டு மூன்றாவதற்கு. பிள்ளைகளின் கற்பனை வளரும் என்பதற்காகத்தான் அதை முதலில் தொட்டேன், ஒட்டிக்கொண்டது வேறு காரணத்துக்காக.

அந்தக் காரணம் குரல். 11 முதல் 14 வயது வரை என்பது குரல் உடைகிற பருவம். பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையுள்ள தூரம், கீழே இறங்கும். பெண்பிள்ளைகளுக்கும் மாறும், ஆனால் இறக்கம் கொஞ்சம்தான், அதற்குப் பதிலாகக் கொஞ்ச நாள் குரலில் காற்று கலந்து வரும். இது ஒரு ராத்திரியில் நடப்பதில்லை. ஜான் குக்ஸி என்ற அமெரிக்க இசைக் கல்வியாளர் 1970களின் பிற்பகுதியிலேயே பையன்களின் குரல் மாற்றத்தைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் எதுவரை சிரமமில்லாமல் எட்டும் என்று வகுத்தார். ஒரே வகுப்பில் அந்தப் படிகள் எல்லாமே உட்கார்ந்திருக்கும் என்பதுதான் நம் தலைவலி. சுருதியை இறக்கினால் உடையாத குரல்கள் அடியில் முனகும், ஏற்றினால் உடைந்துகொண்டிருக்கிற குரல்கள் பிசிறடிக்கும், பிசிறடித்த பையன் அடுத்த வாரத்திலிருந்து வாயை மட்டும் அசைப்பான். ஆகவே எல்லோரும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் மெட்டு ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடங்க வேண்டும். நான்கு வழிகளையும் நான் இந்தச் சல்லடையில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

அச்சுப் பாட்டு இதில் பெரும்பாலும் நிற்காது. பல்லவி சாதுவாக இருக்கும். சரணத்தில் ‘எதிர்காலம்’, ‘லட்சியம்’ மாதிரி ஏதாவது ஒரு வார்த்தை வந்ததும் இசையமைத்தவருக்கு உற்சாகம் பிறந்து மேல் ஷட்ஜத்தை (உச்சியில் இருக்கிற ‘ச’வை) தாண்டிப் போய்விடுவார். அந்த இடத்தில் வகுப்பில் பாதிப் பேர் தரையிலேயே நிற்பார்கள். மற்றபடி இதற்குள்ள சௌகரியம் வேறெதற்கும் கிடையாது: ஸ்வரக் குறிப்பு இருக்கும், பின்னணி இசை இருக்கும், மூன்று பீரியடில் மேடைக்குத் தயார், பிரிவுபசார நாளில் பெற்றோர் கண் கலங்குவதற்கும் உத்தரவாதம் உண்டு. குறை வரிகளில்தான். பள்ளியைக் கோயில் என்றும் தோட்டம் என்றும் சொல்கிற வரியைப் பதிமூன்று வயதுக்காரன் மறுப்பில்லாமல் பாடுவான், ஆனால் அது அவன் பாட்டாக ஆகாது.

மாணவர்களுக்கிடையே தானாகப் புழங்குகிற பாட்டு வேறு ரகம். 1879இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நன்றியாக அடுத்த வருடம் அவர் எழுதிக் கொடுத்த இசை ஆக்கத்தில் கோத்திருந்தது மாணவர்கள் கூடிப் பாடுகிற பாட்டுகளை. அவற்றில் ஒன்று புதிதாகச் சேர்கிற மாணவனைக் கலாய்த்துச் சேர்த்துக்கொள்கிற பாட்டு. பட்டம் கொடுத்தவர்கள் ஏதோ கம்பீரமாக எதிர்பார்த்திருப்பார்கள்!

இரண்டாவது வழியில் பாட்டை யாருக்கும் விற்க வேண்டியதில்லை, ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார்கள். சொல்லித்தர ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் தெரியும். அது ஒரு தனிக் குரலுக்காக, அதுவும் ஸ்டூடியோவில் வரிக்கு வரி ஒட்டிச் சரிசெய்த குரலுக்காகப் போட்ட மெட்டு. மூச்சு விட இடமிருக்காது. வரிகள் தாளத்தைத் தள்ளித் தள்ளி விழும், முப்பத்தைந்து பேர் சேர்ந்து அதைச் சொன்னால் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்த மாதிரி இருக்கும். கரோக்கே டிராக்கின் சுருதியைச் செயலியில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மெட்டின் அகலத்தை மாற்ற முடியாதே. அப்புறம் பள்ளியைப் பற்றியது என்று பெயரெடுத்த திரைப்பாட்டுகளைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள், அவற்றில் பாதி, யூனிஃபார்ம் போட்ட காதல் பாட்டு.

பள்ளியை எதிர்த்துப் பாடினால் பிள்ளைகளின் பாட்டாகிவிடுமா என்றால், அதுவும் சொல்வதற்கில்லை. 1979இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு வெளியிட்ட பள்ளி எதிர்ப்புப் பாட்டில் லண்டனில் உள்ள ஒரு பள்ளியின் பிள்ளைகள் கூட்டமாகப் பாடியிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் மாணவர்கள் அதைத் தங்கள் போராட்டக் குரலாக எடுத்துக்கொண்டதும் 1980இல் அந்த அரசாங்கம் அதைத் தடை செய்தது. அவ்வளவு சக்தியுள்ள பாட்டு, சரி. ஆனால் லண்டன் பிள்ளைகள் பாடிய அந்தக் கோபம் கூடப் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்ததுதான்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். தெரிந்த மெட்டு, புது வரி. இதை ஏதோ குறுக்குவழி என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டலாம். அங்கே பட்டமளிப்பு நாளில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ‘ஹொதாரு நோ ஹிகாரி’ ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டில் எழுதிய பாட்டு. ஆசிரியருக்கு நன்றி சொல்லி விடைபெறும் இன்னொரு பாட்டு 1884இல் பாடப் பாட்டுப் புத்தகத்தில் வந்தது, அதன் மெட்டு எங்கிருந்து வந்தது என்பது நூறு வருடத்துக்கும் மேல் புதிராகவே இருந்து, 2011இல்தான் 1871ஆம் வருடத்து அமெரிக்கப் புத்தகம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் அதைப் பாடி அழுது முடித்திருந்தார்கள்.

என் வகுப்பில் நான் எடுத்துக்கொண்ட மெட்டு ‘ட்விங்கிள் ட்விங்கிள்’. சிரிக்காதீர்கள். ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச. ஷட்ஜத்திலிருந்து தைவதம் வரை சரியாக ஆறே ஸ்வரம், சல்லடையில் அப்படியே நிற்கிறது. 1761இல் பாரிஸில் அச்சான மெட்டு, மோட்சார்ட் இதை வைத்துப் பன்னிரண்டு விதமாக விளையாடியிருக்கிறார், ஆங்கில அகரவரிசைப் பாட்டும் இதேதான். “பாப்பா பாட்டு சார்” என்று முகம் சுளிப்பார்கள், சுளித்தார்கள். காந்தாரத்தையும் (க) தைவதத்தையும் (த) அரை ஸ்வரம் இறக்கி, நடையைத் திஸ்ரத்துக்கு, அதாவது மும்மூன்றாக எண்ணுகிற நடைக்கு, மாற்றிப் பாடிக் காட்டினேன். சட்டென்று சோகமாகிவிட்டது, பாப்பாவைக் காணோம்.

ஒரு வரிக்கு ஏழு அசை (யாப்பு அசை இல்லை, ‘பா-டம்’ என்று பிரிகிற ஒலித்துண்டு), ஏழாவதுக்கு மட்டும் இரட்டை நீளம். இதைத் தன்னானேயில் போட்டுக் கொடுத்து, குழுவுக்கு ஐந்து பேராகப் பிரித்து விட்டேன். முதல் குழு கொண்டுவந்த வரி: ‘பாடம் எப்போ முடியும்’. எண்ணினால் ஏழு, கச்சிதம். பாடினால்? மெட்டில் ஒவ்வொரு அசைக்கும் ஒரு முழு எண்ணிக்கை உண்டு, ‘மு’வும் ‘டி’யும் குறில், இரண்டையும் இழுத்தாக வேண்டும். ‘பாடம் எப்போ மூடீயும்’ என்று வந்தது. பாடத்துக்கு மூடி போட்டாயிற்று என்று பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. சரி, இழுத்தாலும் கெடாத வார்த்தை தேடுங்கள் என்றேன். பத்து நிமிஷம் கழித்து ஒரு பெண் ‘தீருமோ’ என்றாள். தீ, நெடில், தைவதத்தில் போய் உட்கார்ந்தது. ‘மோ’ அந்த இரட்டை நீளத்தை முழுசாக வாங்கிக்கொண்டது. நடுவில் ‘ரு’ ஒன்று மட்டும் குறில், கொஞ்சம் இழுபட்டாலும் பொருள் மாறவில்லை. இன்னொரு குழு வேகமான நடையில் இதற்கு நேர்மாறாக மாட்டிக்கொண்டது: ‘பாடம்’ குறுகி ‘படம்’ ஆகி, கணக்கு வகுப்பு சினிமா கொட்டகையாகிவிட்டது.

குறில் நெடில் இலக்கணப் புத்தகத்தில் இருப்பது பரீட்சைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பாட்டு எழுதுகிறவன் ஏன் ஒரு சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறான் என்பது அந்த ஒரு பீரியடில் புரிந்தது. அச்சுப் பாட்டை மூன்று வாரம் சொல்லித்தந்தாலும் இந்தச் சங்கதி வந்திருக்காது, அங்கே அந்த வேலையை யாரோ ஏற்கெனவே முடித்து வைத்துவிட்டார்கள். நான்காவது வழியிலும் வராது, வரி இடித்தால் மெட்டை வளைத்துவிடலாம் என்ற வசதி இருக்கிறதே! வளையாத மெட்டு வேண்டும்.

இதற்காக நான்காவதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. நன்றாக அமைந்தால் அதற்கு நிகர் எதுவும் இல்லை, ஆனால் நன்றாக அமைவது அபூர்வம். வெற்றுத் தாளைக் கொடுத்து ‘பள்ளியைப் பற்றி ஒரு பாட்டு போடுங்கள்’ என்றால், வீட்டில் கீபோர்டு கற்கிற ஒருவனும் வாயாடி ஒருத்தியும் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள், மற்ற மூன்று பேர் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்கள். வேலி போட்டால்தான் வேலை நடக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் பிள்ளைகளுக்கான தன் இசை முறையில் ஐந்து ஸ்வரங்களை மட்டும் வைத்துத் தொடங்கச் சொன்னார், வாத்தியத்திலிருந்து மற்ற கட்டைகளைக் கழற்றியே வைத்துவிடலாம். நமக்கு அது மோகன ராகம்: ச ரி க ப த. மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாததால் எதை எதோடு சேர்த்து வாசித்தாலும் காதில் பெரிதாக உறுத்தாது. அடியில் ஒரு குழு ச ப ச ப என்று திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க, அதன் மேல் மெட்டு கட்டலாம். உடைந்த குரல்காரர்களுக்கு அந்த அடிவரி லட்டு மாதிரி. இருந்தும் 40 நிமிஷப் பீரியடாகக் கணக்குப் போட்டால் எனக்கு எட்டுக்குக் குறைந்து முடிந்ததில்லை. வாரத்துக்கு ஒரு பீரியட் என்றால் இரண்டு மாதம் போச்சு.

வாய்ப்பாடமா, ஸ்வரக் குறிப்பா என்ற சண்டையும் இதில் பாதி தீர்ந்துவிடுகிறது. அச்சுப் பாட்டைக் குறிப்போடு சொல்லித்தருவது நல்லது, வேறெப்போது படிக்கப் பழகுவார்கள்? திரைப்பாட்டுக்குக் குறிப்பெல்லாம் வேண்டாம், காது போதும். மூன்றாவது வழியில் மெட்டு முன்பே காதில் இருக்கிறது, அதை ஸ்வரமாக எழுதிப் பார்க்கும்போது ‘ஓ, இதுதானா’ என்கிறார்கள். தெரிந்ததை எழுதுவது தெரியாததைப் படிப்பதைவிட எளிது.

ஆகவே என் வரிசை இப்படி: ஆறாம் வகுப்பில் சின்ன அச்சுப் பாட்டு ஒன்று, அதன் கடைசிச் சரணத்தை மட்டும் அவர்களே மாற்றி எழுத வேண்டும். ஏழில் முழுக்கப் புது வரி. எட்டில், நேரம் இருந்தால், மோகனத்தில் சொந்தப் பாட்டு. பிரிவுபசார விழாவுக்குத் தலைமை ஆசிரியர் கேட்கிற பாட்டை அவர் கேட்டபடியே கொடுத்துவிடுங்கள், அதில் கொள்கை காட்ட வேண்டாம். வீடியோ எடுத்து வலையில் ஏற்றுவதாக இருந்தால் பழைய மெட்டாகப் பாருங்கள். பல நாடுகளில் காப்புரிமை, படைத்தவர் இறந்து 50 முதல் 70 வருடம் வரை நீடிக்கும், வரியை மாற்றிவிட்டதால் மெட்டு நமதாகிவிடாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். எழுதுகிற பேனா அவர்கள் கையில் போனால் ஆசிரியர்கள் வரிக்குள் வருவார்கள். மணியைக் கேலி செய்யலாம், டைம்டேபிளைக் கேலி செய்யலாம், உன்னையே கேலி செய்துகொள்ளலாம், பெயர் சொல்லி யாரையும் கூடாது என்பது என் வகுப்பில் விதி. விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்கித் திருப்பித் தராத ஒருவரைப் பற்றி, பெயரில்லாமல், விதிக்குள் நின்று ஒரு சரணம் எழுதினார்கள். பக்கத்து வகுப்பில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர் இடைவேளையில் வந்து, அந்த இரண்டாவது சரணத்தை இன்னொரு தரம் பாடச் சொல்லுங்கள் என்றார்.