மையக்கருத்தைப் பிடிக்க எது உதவும்: அடிக்கோடா, கட்டமா, பத்துச் சொல்லா?

ஒரு பத்தியைக் கொடுத்து மையக்கருத்து என்ன என்று கேட்டால், பல குழந்தைகள் முதல் வரியை அப்படியே வாசித்துக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நாம் பழக்கியது அப்படி. வகுப்பறைகளில் அதிகம் புழங்கும் மூன்று வழிகளையும் ஒரே பத்தியில் வைத்துப் பார்க்கலாம்.

"உணவு கிடைத்த எறும்பு, புற்றுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது. அதை மோப்பம் பிடித்து மற்ற எறும்புகள் வருகின்றன. ஆபத்து என்றால் வேறொரு வாசனை பரவுகிறது. செத்த எறும்பை வெளியே தூக்கிப்போட வைப்பதும் அதன் உடலிலிருந்து வரும் வாசனைதான்."

முதலில் அடிக்கோடு. 'முக்கியமான வரியைக் கோடு போடு' என்றால் குழந்தை முதல் வரியில் கோடு போடும். இங்கே அது ஒரு துணைச்செய்தி மட்டுமே. மையக்கருத்து எந்த வரியிலும் நேராக எழுதப்படவில்லை. இது விதிவிலக்கும் இல்லை. அமெரிக்க இதழ்க் கட்டுரைகளை ஆராய்ந்த ரிச்சர்ட் பிராடக், மையக்கருத்தைச் சொல்லும் வாக்கியத்தோடு தொடங்கும் பத்திகள் சுமார் 13 சதவீதம்தான் என்று 1974-ல் எழுதினார். பாடநூல்களில் நிலைமை கொஞ்சம் மேலாக இருக்கலாம். ஆனாலும் ஆரம்ப வகுப்பு தாண்டிய குழந்தைக்கு இந்த வழி போதாது.

அடுத்தது கட்டம் அல்லது வட்டம்: நடுவில் மையக்கருத்து, சுற்றிலும் துணைக்கருத்துகள். எது எதைத் தாங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிவது நல்ல விஷயம். ஆனால் நடுவட்டத்தில் குழந்தை என்ன எழுதுகிறது என்று பாருங்கள். 'எறும்பு'. அது பேசுபொருள்தானே தவிர, அதைப் பற்றிப் பத்தி சொல்லும் கருத்து இல்லை. சுற்றி மூன்று கட்டம் இருந்தால் கண்ணில் பட்ட மூன்று வாக்கியங்கள் அதில் இறங்கிவிடும். நடுவட்டத்தைக் காலியாக விட்டு, சுற்றுக் கட்டங்களை முதலில் நிரப்பச் சொன்னால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

மூன்றாவது, பத்துச் சொல்லுக்குள் சுருக்குவது. டக் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்களின் குழு உருவாக்கிய, குழந்தைகள் ஜோடியாக வாசிக்கும் பயிற்சியில் இது ஒரு பகுதி. யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றி? அதைப் பற்றி முக்கியமாக என்ன சொல்கிறது? இரண்டுக்கும் சேர்த்துப் பத்துச் சொல்லுக்குள் பதில். தமிழில் ஆறேழு சொல்லே தாராளம்.

"எறும்பு சாப்பாட்டுக்கு வழி காட்டும்" என்று ஒரு குழந்தை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

"சரி, செத்த எறும்பு பற்றிய வரி இதற்குள் வருமா?"

"வராது."

"அப்போ நாலு வரிக்கும் பொதுவாக எது இருக்கு?"

"வாசனை... எல்லாத்தையும் வாசனையை வெச்சுத்தான் சொல்லிக்குது!"

துணைக்கருத்து மையக்கருத்தைச் சோதிக்கும் உரைகல் என்பது இந்த நாலு வரிப் பேச்சில் குழந்தைக்குப் பிடிபடுகிறது. மற்ற இரண்டு வழிகளும் இதைத் தானாகத் தருவதில்லை. அதனால் என் ஓட்டு இதற்குத்தான்.

நேரம் பிடிக்கும், உண்மை. சொல்வளம் குறைந்த குழந்தை திணறும் என்பதால், முதலில் வாயால் சொல்லவிட்டு அப்புறம் எழுத வைப்பது நல்லது. இன்னொரு படியையும் முன்னால் வைக்கலாம். பத்திக்கு நடுவில் 'எறும்புக்கு ஆறு கால்கள்' என்று ஒரு வரியைச் செருகி, ஒட்டாததை நீக்கச் சொல்லுங்கள். ஆன் பிரவுனும் ஜீன் டேயும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், தேவையற்றதை நீக்குவது சிறுவர்களுக்கும் கைவந்தது. எழுதப்படாத மையக்கருத்தைச் சொந்தமாக உருவாக்குவதுதான் பெரியவர்களுக்கும் கடினமாக இருந்தது. எளியதிலிருந்து தொடங்குவது தான் முறை.

நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கும் இது உதவும். தவறான விடைகளில் பெரும்பாலும் ஒன்று ரொம்ப அகலமாக இருக்கும், ஒன்று ஒரே ஒரு வரியை மட்டும் சொல்லும். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, தன் வாக்கியத்தை முதலில் ஓரத்தில் எழுதிவிடும் குழந்தை இரண்டிலும் சிக்காது.