பாரம் ஏற்றினால் அடங்கிவிடும் அதிர்வு: என் பிக்கப்புடன் 36,600 கிலோமீட்டர்

2018-இல் வாங்கிய என் டபுள் கேபின் டீசல் பிக்கப் இன்று 1,08,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. 71,400-இல், திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் பாடாலூரை நெருங்கியபோது, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கி, பெரம்பலூர் வருவதற்குள் தானாகவே நின்றுவிட்டது. ஊர் திரும்பும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. ஆனால் இந்த முறை ஸ்டியரிங் அசையாமல் இருக்க, இருக்கையின் அடியிலிருந்து ஏதோ உறுமுவதுபோல இருந்தது. இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு 7 மாதங்களும், நான்கு முறை வீல் பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது), தேவையே இல்லாமல் மாற்றிய இரண்டு டயர்களும் செலவாயின.

இவ்வளவு காலம் பிடித்ததற்கு மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வண்டியில் இருந்தது ஒரு கோளாறு அன்று, இரண்டு. இரண்டுமே வந்து வந்து போகும் தன்மை உடையவை. இரண்டுமே 85-லிருந்து 95 கிலோமீட்டர் வேகத்துக்குள்தான் தலைகாட்டின. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மிச்சமிருக்கும். நானோ பட்டறைக்குப் போய் "வண்டி இன்னும் ஆடுது" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை இடமும் வலமுமாக அசைவதை ஆட்டம் என்றும், இருக்கையிலும் தரையிலும் எழும் வேகமான, கிட்டத்தட்டக் காதில் விழக்கூடிய அதிர்வை உறுமல் என்றும் பிரித்துச் சொல்லியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். அதற்கான சொற்கள் நம்மிடம் இருந்தும் நான் பயன்படுத்தவில்லை.

நான்காவது பேலன்சிங்கும் பயன்தராமல் போன பிறகு, டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு பயணத்திலும் வேகம், கியர், பின்னால் இருந்த பாரம், மழை பெய்ததா, வயலுக்குள் வண்டி இறங்கியதா என்று எழுதத் தொடங்கினேன். முதலில் எஞ்சினை விலக்கினேன்: 90 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றினால் எஞ்சின் சுழற்சி கூடும், ஆனால் அதிர்வு மாறவில்லை. ஆளில்லாத நேரான சாலையில் நியூட்ரலில் ஓடவிட்டபோதும் அது தொடர்ந்தது. (இந்தச் சோதனையில் எஞ்சினை அணைத்துவிடக் கூடாது, பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் அதோடு போய்விடும்.) ஆகவே அதிர்வு எஞ்சினைச் சார்ந்ததன்று, சக்கரத்தோடும் அதைச் சுழற்றும் ஷாஃப்டோடும் சேர்ந்தது என்பது உறுதியாயிற்று.

அடுத்து ஒரு சிறு கணக்குப் போட்டேன். என் டயர் 245/70 ஆர் 16. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் உருளும். 90 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர் என்பதால், சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 11 முறை சுழல்கிறது. என் வண்டியின் பின் அச்சு விகிதம் 4.1, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரப்பெல்லர் ஷாஃப்ட் 4.1 முறை சுற்றும் என்பதால், அது அதே நேரத்தில் 45 முறை சுழலும். அலைபேசியிலுள்ள அதிர்வுமானிச் செயலி ஒன்றைத் திறந்து, அதை இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டி ஓட்டிப் பார்த்தபோது, வரைபடத்தில் நொடிக்கு 11 அதிர்வுகள் என்ற இடத்தில் ஒரு முகடும், 45-இல் ஒன்றும், 90-க்கு அருகில் சிறியதாக இன்னொன்றும் எழுந்தன. சக்கரமும் ஷாஃப்டும் தனித்தனியாக முறையிடுவதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

சக்கரத்தின் முறையீட்டுக்கு நோட்டிலேயே விடை இருந்தது. ஆட்டம் வந்த நாட்களில் பெரும்பாலானவை, குன்னம் பக்கம் இருக்கும் எங்கள் கரிசல் நிலத்தில் வண்டியை இறக்கிய நாளுக்குப் பிறகு வந்தவை. கரிசல் சேறு ரிம்மின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு, காய்ந்ததும் ஓடுபோல இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் பளிச்சென்றிருக்கும். ரிம்மின் ஓரத்தில் ஒரே இடத்தில் ஒட்டிய 60 கிராம் மண், 90 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 6 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை நொடிக்கு 11 முறை இழுக்கிறது. 45 கிலோமீட்டரில் அது கால் பங்காகக் குறைந்துவிடுவதால்தான் ஊருக்குள் ஒன்றுமே தெரியவில்லை. ஓடும் சூட்டில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தால் ஆட்டமும் நின்றுவிடும். பாடாலூரில் தொடங்கியது பெரம்பலூரில் நின்ற மர்மம் இவ்வளவுதான்.

பேலன்சிங் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கான காரணம் இதைவிடச் சங்கடமானது. இரண்டு முறையாவது, மண்ணைச் சுரண்டாமலேயே சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்றி, அந்த மண்ணுக்கு ஈடாக எதிர்ப்புறம் ஈயம் ஒட்டியிருக்கிறார்கள். கடையிலிருந்து வெளியே வரும்போது வண்டி நூல் பிடித்ததுபோல ஓடும்; மண் உதிர்ந்ததும், அதைச் சரிக்கட்ட ஒட்டிய ஈயமே புதிய கோளாறாகிவிடும். பிறகு நானே நான்கு சக்கரங்களையும் கழற்றி, உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, பழைய ஈயத்தையெல்லாம் பெயர்த்தெடுத்து, கண்முன்னே புதிதாகப் பேலன்ஸ் செய்யவைத்தேன். 11-இல் இருந்த முகடு அன்றோடு மறைந்தது. இதற்கு முன்பு வாங்கிய இரண்டு டயர்களுக்கு 21,000 ரூபாய் போயிருந்தது. கழற்றிய டயர்களில் எந்தக் குறையும் இல்லை.

உறுமல் மட்டும் மிஞ்சியது. அதற்கும் நோட்டில் ஒரு தடயம் இருந்தது: பின்னால் எட்டு மூட்டை உரமோ, நெல்லோ இருந்தால் அது அடங்கிவிடும், காலி வண்டியில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி சீராக ஓட்டும்போதுதான் வரும். நாமக்கல்லில் லாரிகளுக்கு ஷாஃப்ட் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் அடியில் படுத்து, டார்ச் வெளிச்சத்தில் முதலில் பார்த்தது ஷாஃப்டை அன்று, பின் ஸ்பிரிங் பட்டைகளை.

"தம்பி, இந்தக் கடைசிப் பட்டை வண்டியோட வந்ததா, நீங்க போட்டதா?"

நான் போட்டதுதான். 2021-இல், மூட்டை ஏற்றினால் பின்புறம் தாழ்கிறது என்பதற்காக இருபுறமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தேன். அதனால் காலி வண்டியின் பின்புறம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் உயர்ந்து, ஷாஃப்டுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான கோணம் மாறியிருந்தது. ஷாஃப்டின் முனைகளில் வளைந்துகொடுக்கும் இணைப்பான கிராஸ் ஜாயின்ட் வளைந்த கோணத்தில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனைகளின் கோணங்களும் ஒத்திருந்தால் ஒன்று மற்றதைச் சமன்செய்துவிடும், ஒத்திராவிட்டால் மிச்சம் அதிர்வாகிறது. 45-இன் இரு மடங்கான 90-இல் எழுந்த சிறு முகடு அதுதான். கோணமானியை வைத்துப் பார்த்தபோது பின் ஜாயின்டில் காலி வண்டிக்கு 4.8 பாகை காட்டியது. 400 கிலோ ஏற்றியதும் 2.5 ஆகக் குறைந்தது.

பட்டை போட்டு இரண்டு ஆண்டுகள் வரை சத்தமே இல்லாமல் இருந்தது ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், இரு துண்டுகளான ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பரை விரலால் அழுத்திக் காட்டினார். அது பாதிச் சுற்றுக்கு வெடித்து, பழைய செருப்பின் அடிபோல வறண்டிருந்தது. ரப்பர் நன்றாக இருந்தவரை கோணப் பிசகை விழுங்கிக்கொண்டிருக்கிறது; அது போனதும் ஷாஃப்ட் நடுவில் துள்ளத் தொடங்கிவிட்டது. 45-இல் எழுந்த முகடு அதனால் வந்தது. பின் கிராஸின் ஒரு கிண்ணத்தைத் திறந்தபோது கிரீஸுக்குப் பதிலாகச் செங்கல் பொடி போன்ற துரு கொட்டியது.

ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு துண்டுகளிலும், அச்சோடு இணைக்கும் ஃபிளேஞ்ச் தட்டிலும் அவர் புள்ளி அடித்து அடையாளம் வைத்தது குறிப்பிடத்தக்கது. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் புதிய அதிர்வு பிறக்கும். வண்டியைத் தூக்கி ஓட்டிப் பார்த்தபோதும் முட்டுகளைச் சேசிஸுக்கு அடியில் வைக்காமல் பின் அச்சுக்கு அடியில்தான் வைத்தார். அச்சு தொங்கினால் கோணம் மாறி, இல்லாத கோளாறையும் காட்டும் என்பது அவருடைய விளக்கம். சென்டர் பேரிங், கிராஸ்கள், ஷாஃப்ட் பேலன்சிங், பட்டைகளைக் கழற்றிய கூலி எல்லாம் சேர்ந்து 14,200 ரூபாய் ஆயிற்று.

அப்போது மீட்டர் 79,300 காட்டியது. அதன் பிறகு ஓடிய 28,700 கிலோமீட்டரில் உறுமல் திரும்பவில்லை. ஸ்டியரிங் ஆட்டம் இரண்டு முறை வந்தது. இரண்டும் மழைக்குப் பின் வயலிலிருந்து திரும்பிய நாட்கள், இரண்டும் தண்ணீர் அடித்ததும் நின்றன. மூட்டை ஏற்றினால் பின்புறம் பழையபடி தாழத்தான் செய்கிறது. உரம் கொண்டுவர இப்போது ஒரு நடைக்குப் பதிலாக இரண்டு நடை போகிறேன்.