ஹட்டனில் ஈ.பி.எப். பார்க்கப் போன கொமினிகேஷன் கடை

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே, படியேறிப் போகவேண்டிய சின்னக் கடை. ரீலோட், போட்டோ கொப்பி, அதோடு ஈ.பி.எப். (இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி) போமும் நிரப்பித் தருவார்கள். அம்மாவுக்கு 50 ஆகிவிட்டது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தது போதும், சேமலாபக் காசை எடுத்துவிடலாம் என்று கணக்கு அறிக்கையோடு போனோம். வேறு கடைகளில் மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இங்கே இருந்த தம்பி வரிவரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மா வேற எங்கயாவது வேலை செஞ்சாங்களா?" என்றான்.

அம்மா தோட்டத்தை விட்டு வேலைக்குப் போனதே இல்லை. ஆனால் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தில் இன்னொரு முதலாளியின் பதிவிலக்கமும் இருந்தது, பதினொரு மாதத்துக்கு. இலக்கம் மாறி அடித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். தம்பி தலையாட்டவில்லை. தோட்டத்துக் கணக்கில் விழுந்த பேருக்கு, அதாவது வேலை செய்த நாளுக்கு, ஏற்றபடி தொகை ஏறி இறங்குது, மற்றதில் மாதாமாதம் ஒரே தொகை, அது மாதச் சம்பளக்காரர் கணக்கு, பேரும் அம்மாவின் பேர்தான் என்றான். சம்பளத்தில் தொழிலாளி 8, முதலாளி 12, ஆக 20 சதவீதம் கட்டுவது. தொகையை ஐந்தால் பெருக்கி அந்தச் சம்பளத்தையே சொல்லிவிட்டான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வேலை எடுத்துத் தருகிறேன் என்று லயம் லயமாக (தோட்டத்து வரிசை வீடுகள்) ஐடி கொப்பி வாங்கிப்போன ஒரு ஆள்.

காசு கூடத்தானே வந்திருக்கு, விடு என்றார் மாமா. எப்படி விடுவது? அம்மா பேரில் வேலைக்குச் சேர்ந்தவர் அம்மா பேரில் கடனும் எடுக்கலாம் இல்லையா? தம்பி சொன்னபடி அதே மாதங்களின் செக்ரோல் (வேலைக்கு வந்த நாள் குறிக்கும் பதிவேடு) பதிவைத் தோட்டத்தில் கேட்டு வாங்கி, அந்த நாட்களில் அம்மா மலையில் நின்றதைக் காட்டி தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினோம். கடிதத்தையும் அவன்தான் நல்ல தமிழில் அடித்துத் தந்தான். பதில் இன்னும் வரவில்லை.

ஒரு குறை. சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் படியில் நிற்கவேண்டும், அதைக்கூடப் பொறுக்கலாம். காசு கொடுத்ததும் பில்லை ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான். திருப்பிப் பார்த்தால் யாரோ ஒரு பாட்டியின் அடையாள அட்டை, மங்கலாக விழுந்த போட்டோ கொப்பி. கேட்டதற்கு, "அது வேஸ்ட் கொப்பி அக்கா" என்கிறான்!

ஐந்துக்கு மூன்றரை.