ஜிபியுவைச் சும்மா இருக்க விடாதிருக்க: பெரிய பேட்சா, பைப்லைனா?

ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கும்போது ஜிபியு (ஏராளமான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சிப்) போதிய வேலையின்றிக் காத்திருக்கிறது என்று தெரிந்தவுடன் பலரும் பேட்ச் அளவை, அதாவது ஒரே தடவையில் மாடலுக்குக் கொடுக்கும் தரவுத் தொகுப்பின் அளவைக் கூட்டுகிறார்கள். தரவைத் தயாரித்தல், நகலெடுத்தல், கணக்கிடுதல் ஆகிய கட்டங்கள் அடுத்தடுத்த பேட்ச்களின் மீது ஒரே நேரத்தில் நடக்கும்படி நிரலைப் பைப்லைனாக மாற்றி எழுதுவது இன்னொரு வழி.

ஒரு பேட்சின் படங்களை டிகோட் செய்ய (சுருக்கிய கோப்பிலிருந்து விரித்தெடுக்க) சிபியுவுக்கு 6 மில்லிநொடியும், அவற்றை ஜிபியுவுக்கு நகலெடுக்க 2 மில்லிநொடியும், கணக்கிட 8 மில்லிநொடியும் ஆவதாகக் கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் மொத்தம் 16 மில்லிநொடி. அதில் பாதி நேரம் ஜிபியு வெறுமனே நிற்கிறது. பேட்சை இரட்டிப்பாக்கினால் மூன்று கட்டங்களும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால் இந்த விகிதம் அப்படியே இருக்கும். பைப்லைனில், தொடக்கம் தவிர, 8 மில்லிநொடிக்கு ஒரு பேட்ச் முடிந்துவிடும்.

நினைவகச் செலவிலும் பைப்லைனே சிக்கனமானது. ஒரு பேட்சைக் கணக்கிடும்போதே அடுத்ததை வாங்கி வைக்கும் இரட்டை பஃபருக்கு ஜிபியுவில் இன்னொரு உள்ளீட்டு பேட்சுக்கான இடம் போதும். பயிற்சியின்போது பேட்சைப் பெருக்கினாலோ மாடலின் ஒவ்வொரு அடுக்கின் இடைநிலை மதிப்புகளும் சேர்ந்து பெருகும். சிறு கர்னல்கள் (ஜிபியுவில் ஓடும் தனித்தனி நிரல் துண்டுகள்) மிகுந்து, அவற்றை ஏவும் நேரமே பெரிதாகத் தெரியும் மாடல்களில் பெரிய பேட்ச் உண்மையாகவே கைகொடுக்கிறது.

எனினும் பைப்லைன் அதன் மிக மெதுவான கட்டத்தை விட வேகமாக ஓடாது. டிகோட் 20 மில்லிநொடி எடுத்தால் ஜிபியு 40 சதவீத நேரமே உழைக்கும். அங்கே டிகோட் செய்யும் மூன்று வொர்க்கர்களைத் (துணை புராசஸ்களைத்) தனித்தனி சிபியு கோர்களில் ஓடவிட்டால் சராசரி 7 மில்லிநொடிக்குக் கீழே வந்து, கணக்கீடே மீண்டும் எல்லையாகும். மாடல்களைப் பயிற்றுவிக்கும் நிரல் நூலகமான பைடார்ச்சில், தரவைப் பேட்ச்களாக ஏற்றித் தரும் டேட்டாலோடரில் வொர்க்கர் எண்ணிக்கையை நாம் குறிப்பிடாவிட்டால் அது 0 என்பதால், டிகோட் வேலை பயிற்சி நிரலின் அதே புராசஸில்தான் நடக்கிறது.

நகலெடுப்பில் கூடுதல் கவனம் வேண்டும். என்விடியா ஜிபியுவில் அது கணக்கீட்டோடு இணையாக நடக்க, மூலத் தரவு பின் செய்யப்பட்ட (pinned, இடம் மாறாமல் பூட்டப்பட்ட) நினைவகத்தில் இருப்பதோடு, நகலெடுப்பு தனி ஸ்ட்ரீமிலும் (ஜிபியுவின் வேலை வரிசையிலும்) இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மாடலின் பிழையளவான இழப்பு மதிப்பை அச்சிட்டுப் பார்க்கும் ஒரு வரியே சிபியுவை ஜிபியுவுக்காகக் காக்க வைத்து, முன்கூட்டியே வேலை அனுப்பும் வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

பயிற்சிக்கு முதலில் பைப்லைனை அமைத்து, மெதுவான கட்டத்தைச் சரிசெய்த பிறகே பேட்ச் அளவைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு முன்னேறியது என்பதை நொடிக்கு எத்தனை படங்கள் முடிகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஜிபியுவின் நிலையைக் காட்டும் கருவியான என்விடியா-எஸ்எம்ஐ தரும் பயன்பாட்டுச் சதவீதம், ஒரு கர்னலாவது ஓடிய நேரத்தைத்தான் சொல்கிறது; ஜிபியு எவ்வளவு நிறைவாக உழைத்தது என்பதைச் சொல்வதில்லை.