அரையாண்டு விடுமுறையில் பனிச்சறுக்கு: குல்மார்க்கா, அவுலியா, மணாலியா?

மதுரையில் அரையாண்டுத் தேர்வு முடிந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கொடைக்கானல் அல்லது மூணாறு. டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் புல்வெளியில் விடிகாலை உறைபனியைப் பார்த்துவிட்டு, சூடாக ஒரு டீயும் குடித்துவிட்டு இறங்கிவிடலாம். காலில் நீளப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு சரிவில் சறுக்கியே தீருவோம் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும்போதுதான் வேலை பெரிதாகிறது. எங்கள் வீட்டில் பிடித்தார்கள். காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி, இமாச்சலின் மணாலி என்று மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பேசினோம். கடைசியில் குல்மார்க் போய் வந்தோம். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன். அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எப்போது போவது என்பதில் நமக்குப் பெரிய சுதந்திரம் இல்லை. பொங்கல் விடுமுறை நான்கைந்து நாள்தான். அதிலும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு நடக்கும்போது ஊரை விட்டுப் போக எங்கள் வீட்டு ஆண்கள் சம்மதிக்கவில்லை. மே மாதத்தில் பனியைப் பார்க்கலாம், தொடலாம். குழந்தைகள் சறுக்கப் பழகும் சரிவுகளில் அது மிச்சமிருக்காது. சறுக்குவதற்கு மிக நல்ல மாதம் பிப்ரவரி. அப்போது பள்ளியில் விடுப்புக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆக, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வாரம்தான். இந்தியாவில் பாதிப்பேர் அதே வாரத்தில்தான் மலையேறுகிறார்கள். அறை வாடகை மூன்று இடத்திலும் ஏறும், கூட்டம் மூன்று இடத்திலும் நெரியும். கனத்த கோட்டும் பூட்ஸும் மூன்று இடத்திலும் வாடகைக்குக் கிடைக்கும். இவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: அந்த வாரத்தில் பனி இருக்குமா?

வட இந்தியாவின் குளிர்காலப் பனி, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேகக்கூட்டங்களால் பெய்கிறது. வானிலைத் துறையினர் இவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்பார்கள். காஷ்மீரில் கடுங்குளிரின் நாற்பது நாளுக்குச் சில்லை கலான் என்று பெயர். அது தொடங்குவதே டிசம்பர் 21இல்தான். அதாவது நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும்போது அங்கே குளிர்காலம் இப்போதுதான் சூடுபிடிக்கிறது (சூடு என்பது பொருத்தமான சொல் இல்லைதான்). பனி அடுக்கடுக்காகச் சேர்ந்து கெட்டிப்படுவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும். டிசம்பர் கடைசியில் போகிறவர்கள் ஓரளவு சூதாடத்தான் செய்கிறார்கள். 2024 ஜனவரியில் குல்மார்க்கே பழுப்புப் புல்வெளியாகக் கிடந்த படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

பின் ஏன் குல்மார்க்? பனி கீழே இல்லாவிட்டால் மேலே போவதற்கு அங்கே வழி இருக்கிறது. குல்மார்க் கிண்ணம் போன்ற புல்வெளி, சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்னும் கம்பிவடப் பெட்டி முதல் கட்டத்தில் 3,000 மீட்டருக்கு மேலுள்ள கோங்தூரிக்கும், இரண்டாம் கட்டத்தில் 4,000 மீட்டரை நெருங்கும் அஃபர்வத் மலைக்கும் ஏற்றிச் செல்கிறது. பழனி ரோப் காரில் போனவர்களுக்கு இதில் பயம் இருக்காது, நேரம்தான் அதிகம். அவுலியின் சறுக்குச் சரிவுகள் ஏறத்தாழ 2,500 மீட்டரில் தொடங்கி 3,050இல் முடிகின்றன. அவுலியின் உச்சி எந்த உயரத்தில் முடிகிறதோ, ஏறக்குறைய அதே உயரத்தில்தான் குல்மார்க்கின் முதல் கட்டமே நம்மை இறக்கிவிடுகிறது. மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கிலும் ரோப்வே உண்டு, ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவது 2,500 மீட்டரையொட்டிய அடிவாரச் சரிவில்தான்.

இதோடு குல்மார்க் வடக்கே 34ஆம் அட்சரேகையில் இருக்கிறது. அவுலி முப்பதரையை ஒட்டி. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் முதலில் முட்டுவதும் காஷ்மீர் மலைகளில்தான். நாங்கள் போன வாரத்தில் கீழே பனி மெலிந்து, சில இடங்களில் புல் தெரிந்தது. கோங்தூரியில் பிள்ளைகள் விழுந்து எழப் போதுமான பனி இருந்தது. பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு அங்கேயே பழகினார்கள். இரண்டாம் கட்டம் பழகுகிறவர்களுக்கானது அல்ல. செங்குத்தான சரிவு, பனிச்சரிவு அபாயம், காற்று பலத்தால் அடிக்கடி நிறுத்தம். மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்குவதானால் சரி. மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களுக்கு அதையும் சொல்ல மாட்டேன்.

இந்தச் சாதகம் முழுவதும் ஒரு டிக்கெட்டைப் பொறுத்தது. கொண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில், தேதி குறித்து, முன்பதிவு செய்ய வேண்டும். இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனி. விடுமுறை வாரத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அது கையில் இல்லாமல் குல்மார்க் போனால் கீழே ஸ்லெட்ஜ் இழுப்பவர்களோடு பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பயணக் கணக்கிலும் குல்மார்க் முந்துகிறது. ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். பனி பெய்திருந்தால் கடைசி 13 கிலோமீட்டருக்கு தங்மார்க்கில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். அவுலிக்கு டேராடூனில் விமானம் இறங்கினாலும், ரிஷிகேஷிலிருந்து அவுலிக்குக் கீழேயுள்ள ஊரான ஜோஷிமட் வரை 250 கிலோமீட்டர் மலைச்சாலை. போக ஒரு பகல், வர ஒரு பகல். கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளிலேயே வாந்தியெடுக்கும் பிள்ளையை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு ஏறும் புகழ்பெற்ற ரோப்வேயும், 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் புதையத் தொடங்கியபோது நிறுத்தப்பட்டது.

அவுலிக்கு நான் போனதில்லை. குடும்பத்தோடு போய் வந்த நண்பர் அந்தச் சரிவுகளைப் பற்றிச் சொல்லி மாளாது என்கிறார். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம், 7,816 மீட்டர் நந்தா தேவி எதிரே நிற்கும். கூட்டமும் குல்மார்க் அளவுக்கு இல்லையாம். முறையாகப் பழக நினைப்பவர்களுக்கு அரசு நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்துகிறது. ஆனால் அவற்றுக்கு நம் விடுமுறை போதாது.

அவுலிக்காக என் அம்மா கடைசிவரை வாதாடினார்கள். காரணம் பனி அல்ல. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று மரபாகச் சொல்லப்படுவது ஜோஷிமட்தான். பத்ரிநாத் நடை குளிர்காலத்தில் சாத்தியிருக்கும், ஜோஷிமட் நரசிம்மர் கோயில் திறந்திருக்கும். வழியில் தேவபிரயாகையும் உண்டு. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் இரண்டைச் சேவித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரியவர்களோடு போகிற வைணவக் குடும்பமென்றால் அவுலி பக்கம் சாய்வதில் தவறே இல்லை.

மணாலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பு ஒருமுறை போயிருக்கிறோம். டெல்லியிலிருந்து இரவு பஸ், காலையில் மணாலி. 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌல் பக்கம் போனால் டிசம்பரிலும் பனி பார்க்கும் வாய்ப்பு கூடுதல். பனி பெய்த மறுநாள் அந்தச் சாலையில் கார்கள் நகராமல் நிற்கும். பிள்ளைகள் சின்னவர்கள், பனியில் உருண்டால் போதும் என்றால் மணாலியே தாராளம். சறுக்கப் பழக வேண்டுமென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பனி உறுதி என்பது மட்டுமே கணக்கு என்றால், இந்த மூன்றையும் தோற்கடிப்பது துபாய். அங்கே வணிக வளாகத்துக்குள்ளேயே 2005 முதல் பனிச்சறுக்குக் கூடம் இயங்குகிறது, மிக நீண்ட சரிவு 400 மீட்டர். வளைகுடாவில் தாய்மாமன் வேலை பார்க்கும் வீடுகளில் இந்த யோசனை கட்டாயம் வரும். பிள்ளைகளுக்கு மலையும் வேண்டும் என்று நான்தான் மறுத்தேன்.

காஷ்மீர் என்றதும் வரும் பயத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பயத்தை யாரும் வீண் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒருவருக்கு அது இருந்தாலும் அவுலிக்கே போங்கள். பயந்துகொண்டே ஒரு வாரம் கழிப்பது விடுமுறை ஆகாது.

குல்மார்க் என்று முடிவு செய்பவர்களுக்குச் சில. வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். டெல்லிவரை ரயிலில் போகிறவர்களுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். டிசம்பர் 24க்கு அக்டோபர் 25. ரயில் என்றால் போக வர நான்கு நாள் கரையும், பனிக்கு மிஞ்சுவது சொற்பம். விமானத்திலும் டெல்லி மூடுபனி விளையாடும் காலம் அது. டெல்லியில் அடுத்த விமானத்துக்குத் தாராளமாக இடைவெளி விடுங்கள். நாம் வேண்டிக் கேட்கும் அதே பனிதான் ஸ்ரீநகர் விமான நிலையத்தையும் மூடும். ஆகவே திரும்பும் டிக்கெட்டை பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் போடாமல் ஒரு நாளாவது முன்னதாகப் போடுங்கள். 2025 ஜூன் முதல் ஸ்ரீநகரிலிருந்து கட்ராவுக்கு வந்தே பாரத் ஓடுவதால், விமானம் ரத்தானாலும் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வர இப்போது இன்னொரு வழி இருக்கிறது.